பொதுச்சுவர்

தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். மருத்துவமனை அறுவை அரங்கில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. கட்டின கணவரே, யாராவது வந்து ஏதாவது கேட்டால், "சிஸ்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்தவர். ஊரில் பாதி வீடுகளுக்குள் உரிமையோடு நுழைந்து வந்தவர், தன் வீட்டில் மட்டும் விருந்தாளி மாதிரி ஒரு நாற்காலியில் அடங்கி உட்கார்ந்திருப்பார்.

அது தனி வீடு இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் ஒரே வரைபடத்தை வலமாகவும் இடமாகவும் திருப்பிப் போட்டு, ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று. நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே தளம். 'நடுச்சுவர் இருவருக்கும் பொது' என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. இந்தப் பக்கம் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று அந்தப் பக்கம் கேட்டால் பிசகாமல் சொல்வார்கள்.

அந்தப் பக்கம் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சிஸ்டர் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவாள். வாய்வார்த்தைக்கு வைத்த உறவு இல்லை அது. சிஸ்டர் இரவு வேலைக்குப் போய், காலையில் வந்து கட்டையாகச் சாய்ந்துவிடுவாள். மீட்டர் கணக்கெடுப்பவர் வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். பையனுக்குத் தலை சீவி, டிபன் கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, சாயங்காலம் தன் மகளோடு சேர்த்து உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அண்ணிதான். பையன் இன்றைக்கு வெளிநாட்டில் கைநிறையச் சம்பாதிக்கிறான் என்றால் அதில் பாதி அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் முளைத்தது என்று சிஸ்டரே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இரண்டு தெரு தள்ளி ரயில் நிலையம் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. முதலில் பேச்சு வந்தது, பிறகு பள்ளம் தோண்டும் இயந்திரங்கள் வந்தன, அவற்றின் பின்னாலேயே தரகர்கள் வந்தார்கள். அதுவரை நாதியில்லாமல் கிடந்த தெரு திடீரென்று எல்லார் வாயிலும் விழுந்தது. மாவு மில்லில் விலைப் பேச்சு, முடிவெட்டும் கடையில் விலைப் பேச்சு. மூலை வீட்டை ஒருவர் விற்றார் என்று கேள்விப்பட்ட நாளில் தெருவே ஒரு அங்குலம் நிமிர்ந்து நடந்தது.

இவர்களிடம் வந்த தரகர் பேசி முடிக்கும்வரை தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாதவர். அதனால் சிஸ்டர் வீட்டில் அவருக்கு ஹெல்மெட் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு கட்டுமானக் கம்பெனி இரண்டு வீடுகளையும் சேர்த்துக் கேட்கிறது என்றார். சேர்த்துக் கொடுத்தால் விலை அமர்க்களம். ஒன்று மட்டும் என்றால் கம்பெனிக்கு வேண்டாம், ஏனென்றால் பொதுச்சுவரை வைத்துக்கொண்டு எதையும் இடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தச் செய்தி தெய்வமே இறங்கி வந்த மாதிரி இருந்தது. அவருடைய மகள் ஐந்து மணி நேரப் பயணத்தில் வேறொரு ஊரில் வேலை பார்த்தாள். கணவன் விட்டுவிட்டுப் போய் நான்கு வருடம். ஒரே பெண் குழந்தை, ஏழு வயது, பிறந்ததிலிருந்தே கால் விளங்காது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, மகள் தினமும் பாதி உயிரோடு வேலைக்குப் போய்வந்தாள். வீட்டை விற்றால் அந்த ஊரிலேயே தரைத்தளத்தில் ஒரு நல்ல வீடு வாங்கலாம், நான்கு பேரும் ஒன்றாக இருக்கலாம், சக்கர நாற்காலி வாசல்வரை வந்து போகலாம் என்று அண்ணி ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து சொன்னாள். கையில் ஒரு தாளில் அந்த வீட்டுக்குக் கோடு போட்டே வைத்திருந்தாள். இது சிட்டுவின் அறை, இது கழிவறை, இங்கே படி கிடையாது, சரிவு.

சிஸ்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். நர்ஸின் கண்ணோடு, கழிவறைக் கதவு இன்னும் அகலமாக இருக்கவேண்டும் என்றுகூடச் சொன்னாள். ஆனால் விற்கிற விஷயத்துக்கு வந்தபோது அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"பார்க்கலாம் அண்ணி."

அவளுக்கு விற்க மனமில்லை. மற்றவர்கள் நினைத்த காரணம் எதுவும் அதற்கு இல்லை. விலை இன்னும் ஏறட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. மகனுக்கு என்று வைத்திருக்கவுமில்லை. அந்த வீட்டில் முப்பது வருடம் இருந்தாள் என்று பெயரே தவிர, அதில் வாழ்ந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டிப் பகலெல்லாம் தூங்கிய வீடு அது. ஓய்வு பெற்ற பிறகுதான் காலையில் சமையலறைக்குள் வெயில் எந்த ஓரமாக நுழைந்து எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாள். பின்பக்கம் நான்கு தொட்டியில் செடி வைத்தாள். மதியம் ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நான் இந்த வீட்டுக்குக் குடி வந்தே ஒரு வருஷம்தாங்க ஆகுது," என்று கணவரிடம் சொன்னாள்.

"அப்ப அதையே அவங்ககிட்ட சொல்லிடு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. அவர் வேற வழி பாத்துக்குவார்."

"என் பையனை வளர்த்தவங்க முகத்தைப் பார்த்து எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?"

அவர் மறுபடி நாற்காலிக்குள் அடங்கிவிட்டார். சிஸ்டருக்குச் சொல்ல நாக்கு எழவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வீடும் வேண்டும், பக்கத்தில் அவர்களும் வேண்டும் என்பதுதான் அது. இழுத்தடித்தால் எல்லாம் தானாக அடங்கிப் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை.

இழுத்தடிக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மகனிடம் கேட்கவேண்டும் என்றாள். மகன் போனில், உங்க இஷ்டம்மா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். அதைச் சொல்லாமல், அவன் வேலை மும்முரத்தில் இருக்கிறான் என்றாள். பத்திரத்தின் நகல் எடுக்கவேண்டும் என்றாள். கம்பெனியைப் பற்றி விசாரிக்கவேண்டும் என்றாள். கண்ணாடிக்கடைக்காரர் நச்சரிக்கிற ஆள் இல்லை. மாதம் ஒரு முறை வாசலில் பார்க்கும்போது, "என்ன சிஸ்டர், ஏதாவது யோசிச்சீங்களா?" என்பார். பார்க்கலாம் அண்ணே என்பாள். சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போவார். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

ஏழாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வீடு தேடி வந்தார். உள்ளே வந்து உட்காராமல் கதவுப் பக்கமே நின்றார்.

"சிஸ்டர், ஒரு டீச்சர் குடும்பம் எங்க வீட்டை மட்டும் கேக்கறாங்க. குடியிருக்கத்தான். கம்பெனி விலை வராது, ஆனா நியாயமான விலை. நீங்க கொடுக்கற எண்ணத்துல இருந்தா அவங்களை அனுப்பிச்சுடறேன். இல்லேன்னா இவங்களுக்கே முடிச்சுடறேன். அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

இதைவிடத் தெளிவாக யாரும் கேட்கமுடியாது. அன்றைக்கு ஒரு 'இல்லை' போதும். அது அவரை வருத்தாது, விடுவிக்கும் என்பதுகூட அவளுக்கு அந்த நொடியில் தெரிந்தது. கூடவே அண்ணியின் சமையலறையில் முன்பின் தெரியாத ஒருத்தி நிற்பதும் மனதில் வந்து போனது.

"அவசரப்படாதீங்க அண்ணே," என்றாள். "பார்க்கலாம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவசரப்படாதே என்றால் கொடுக்கப்போகிறாள் என்றுதானே அர்த்தம். சரி சிஸ்டர், நீங்க சொன்னா சரி என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். நடுச்சுவர் வழியாக அண்ணியிடம் அவர் ஏதோ சந்தோஷமாகச் சொல்வது கேட்டது. சிஸ்டர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

அடுத்த மாதம் ஹெல்மெட் வந்தார். கம்பெனிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, பெரிய சாலையில் வேறு இடம் பிடித்துவிட்டார்கள் என்றார். சிஸ்டருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது. தான் வாய் திறக்காமலே விஷயம் முடிந்துவிட்டது, தன்மேல் பழியும் இல்லை என்று நினைத்தாள். கண்ணாடிக்கடைக்காரர் டீச்சர் வீட்டுக்கு ஓடினார். அவர்கள் அதற்குள் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள்.

கெட்ட நேரம் வந்தால் தனியாகவா வரும்? சிட்டுவைப் பார்த்துக்கொண்ட பெண் வேலையை விட்டு நின்றாள். மகள் லீவு மேல் லீவு போட்டதில், இனிமேல் லீவு எடுத்தால் வேலைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் உடனே அங்கே போயாகவேண்டும். அந்த நேரம் பார்த்து வந்தவர் ஒரே ஒரு ஆள், டைல்ஸ் கடை முதலாளி. சரக்கு வைக்கக் குடோன் தேடிக்கொண்டிருந்தவர். பொதுச்சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே நிமிர்ந்து ஒரே தளத்தைப் பார்த்தார், விலையைப் பாதியாக்கினார். இந்தப் பாதியை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்யமுடியாது, நானாக இருக்கப்போய் வாங்குகிறேன் என்றார். அதுவும் உண்மைதான். கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் கிளம்பியது ஒரு முற்பகல். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒரு பையில் வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். அண்ணி பையை வாங்கிக்கொண்டாள், நன்றாக இரு என்றாள். அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அண்ணி அவளிடம் இவ்வளவு குறைவாகப் பேசி சிஸ்டர் கேட்டதில்லை.

பழையபடி ஆகும் என்று நினைத்தது ஒரு நாளும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு ஜன்னல்களைப் பெயர்த்து ஷட்டர் போட்டார்கள். காலை ஆறு மணிக்கே லாரி பின்பக்கமாக வந்து தெருவை அடைக்கும். பெட்டிகளைத் தரையில் போடுகிற ஒவ்வொரு போட்டுக்கும் சிஸ்டர் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் குலுங்கும். சிமெண்டு நிறத்தில் ஒரு தூசி செடிகள்மேல் படிந்து, துடைக்கத் துடைக்க வந்தது. அவள் ஆசையோடு பார்த்த காலை வெயில் இப்போதும் வந்தது, தூசியைத் தூக்கிக் காட்டுவதற்காகவே வந்த மாதிரி வந்தது. கணவருக்கு இழுப்பு ஆரம்பித்தது. இருமலும் மருந்துமாக இரண்டரை வருடம் கழிந்தது.

ரயில் நிலையம் திறந்தார்கள். ஹெல்மெட் திரும்ப வந்தார், இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விலை அவ்வளவு உயரத்துக்குப் போயிருந்தது. அன்றைக்குச் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வேறொரு கம்பெனி இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது, டைல்ஸ் முதலாளி தயார், நீங்கள் மட்டும் சரி என்றால் போதும் என்றார்.

அவர் கிளம்பிய பிறகு கணவர் சொன்னார்: "இந்தத் தடவை நான் சொல்றேன். கொடுத்துடலாம்."

அவள் மறுக்கவில்லை.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரே பெஞ்சில் அவளும் டைல்ஸ் முதலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் போடவேண்டிய இடத்தில் அந்த மனிதர் பெருவிரலை மையில் அழுத்திப் பதித்துவிட்டுக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"நல்லவேளை சிஸ்டர், அன்னைக்கு நீங்க பிடி கொடுக்காம இருந்தீங்க," என்றார். "இல்லேன்னா எனக்கு ஏது இந்த யோகம்?"

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே நன்றி சொன்னார். சிஸ்டர் விரலை வைக்காமல், பத்திரத்தில் அண்ணன் பெயர் இருந்திருக்கவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  எழுத்தர் அவள் விரலைப் பிடித்து அழுத்தவேண்டியிருந்தது.

புது ஃபிளாட்டுக்குக் குடிபோன மூன்றாவது வாரம் அவள் பஸ் ஏறினாள். கணவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றாள். கைப்பையில் ஒரு காசோலை இருந்தது. அன்றைக்கே சேர்ந்து விற்றிருந்தால் அண்ணனுக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதற்கும் அவருக்குக் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம். கணவர் தாளைப் பார்த்துவிட்டு, எழுதினது சரிதான் என்று மட்டும் சொன்னார்.

விலாசத்தைக் கண்டுபிடித்துப் போனபோது மணி மூன்றே முக்கால். நான்கு மாடிக் கட்டிடம், லிஃப்ட் இல்லை. கீழே ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. மாடிப்படியிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் இறங்கி வந்தார். இளைத்திருந்தார், முடி முழுவதும் வெளுத்திருந்தது. வேன் வாசலில் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். ஓட்டுநர் ஒரு பெண் குழந்தையைத் தூக்கி அவர் முதுகில் வைத்தார். ஒன்பது, பத்து வயதிருக்கும், நன்றாக வளர்ந்திருந்தாள். அவள் கைகள் அவர் கழுத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டன.

நிமிர்ந்தபோதுதான் சிஸ்டரைப் பார்த்தார். குழந்தையை முதுகில் சரியாக ஏற்றிக்கொண்டார்.

"வாங்க சிஸ்டர்," என்றார் பிறகு. "இரண்டாவது மாடி."

அவள் பின்னாலேயே ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் அவர் கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில் நின்று சுவரில் தோளைச் சாய்த்தார். சிட்டு தலையைத் திருப்பி, புதிதாக வந்தவளுக்கு மரியாதையாக விளக்கினாள்.

"எங்க வீட்டு லிஃப்ட் கொஞ்சம் பழசு ஆன்ட்டி. நடுவுல நின்னு மூச்சு வாங்கும். அப்புறம் தானே கிளம்பிடும்."

அவர் சிரித்தார். சிஸ்டருக்கும் சிரிக்கவேண்டியிருந்தது.

வீடு இரண்டே அறை. அண்ணி காப்பி போட்டுக் கொடுத்தாள், மகனைப் பற்றி விசாரித்தாள், சிஸ்டரைப் பற்றி எதையும் விசாரிக்கவில்லை. மகள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. சிட்டுவை அண்ணி உள்ளே தூக்கிக்கொண்டு போனதும் சிஸ்டர் காசோலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வீட்டை விற்றதைச் சொன்னாள், விலையைச் சொன்னாள். தனக்கு அன்றைக்கு வீட்டைவிட்டுப் போக மனம் வரவில்லை, அது தப்பாகப் போயிற்று, மன்னிக்கவேண்டும் என்றாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் மனதுக்குள் அடுக்கிவைத்த வார்த்தைகள்தான். சொல்லி முடித்தபோது அவை இடம் மாறி விழுந்த மாதிரி இருந்தன.

கண்ணாடிக்கடைக்காரர் காசோலையைத் தொடவில்லை.

"விக்காதது தப்பே இல்ல சிஸ்டர். உங்க வீடு, உங்க இஷ்டம். அதுல எனக்கு வருத்தம் கிடையாது." காப்பித் தம்ளரை ஓரமாக நகர்த்தினார். "இல்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா அந்த டீச்சருக்குக் கொடுத்துட்டு நிம்மதியா வந்திருப்பேன். அதைக் கேக்கத்தானே அன்னைக்கு வாசல்ல வந்து நின்னேன். நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்க. உங்க வார்த்தையாச்சேன்னு நம்பினேன்."

குரலை அவர் உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டை விட மனமில்லாததற்குத்தான் அவள் இத்தனை நாளும் தன்னை நொந்துகொண்டிருந்தாள். அதற்கு எவ்வளவோ சமாதானம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

காசோலையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அவரே அதை எடுத்து அவள் கைப்பையின் ஓரத்தில் செருகிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகுமே என்றார்.

படி இறங்கி வெளியே வந்தபோது மகள் எதிரே வந்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது சிஸ்டரின் மகனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். இப்போது கண்ணுக்குக் கீழே கருத்து, தோளில் பெரிய பையோடு நின்றாள். சிஸ்டர் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கேட்டு முடித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கொடுங்க அத்தை. அப்பா வேண்டாம்னுதான் சொல்வார். அவருக்கு ரோஷம் இருக்கு. எனக்கு அவர் முதுகு இருக்கணும்."

சிஸ்டர் கொடுத்தாள். அவள் தொகையைப் பார்த்தாள், மடித்துப் பையில் வைத்தாள்.

"இதுக்கு நான் நன்றி சொல்லமாட்டேன் அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

"சொல்லக்கூடாதும்மா," என்றாள் சிஸ்டர்.

அந்தப் பணத்தை வைத்து அவர்கள் தரைத்தளத்துக்கு மாறிவிட்டார்கள். அதே தெருவில், சுமாரான வீடு. அண்ணி தாளில் கோடு போட்ட வீடு இல்லை. அந்த ஊரிலும் விலை ஏறியிருந்தது. வாசலில் சரிவு வைத்திருக்கிறோம் என்று மகள் ஒரு படம் அனுப்பினாள், கீழே ஒரு வரியும் எழுதவில்லை.

சிஸ்டர் மாதம் ஒரு முறை போன் பண்ணுகிறாள். இப்போதெல்லாம் அவள் யாரிடமும் பார்க்கலாம் என்று சொல்வதில்லை. காய்கறிக்காரரிடம்கூட வேண்டும், வேண்டாம் என்று வெட்டொன்றாகச் சொல்லிவிடுகிறாள். சிஸ்டருக்கு வயதாக ஆக முரட்டுத்தனம் வந்துவிட்டது என்று புது ஃபிளாட்டில் பேச்சு.

போனை எப்போதும் அண்ணிதான் எடுப்பாள். எல்லோரும் சுகம் என்பாள். சிட்டு நன்றாகப் படிக்கிறாள் என்பாள். அண்ணன் இருக்கிறாரா, ஒரு வார்த்தை பேசலாமா என்று சிஸ்டர் கேட்பாள்.

"வெளியில போயிருக்கார்," என்பாள் அண்ணி.

அந்தப் பக்கத்தில் சிட்டுவுக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்கும். சிஸ்டர், சரி அண்ணி, வந்தா கேட்டதா சொல்லுங்க என்பாள். அண்ணியும் சொல்கிறேன் என்பாள். போனை வைக்காமல், அந்தக் குரல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று சிஸ்டர் காதோடு வைத்துக்கொண்டு நிற்பாள். அண்ணியும் உடனே வைத்துவிடமாட்டாள்.